கையை விலக்கி வைக்கும் கருவி: இரண்டு வகை ஸ்பார்க் டெஸ்டர்கள் குறித்த மதிப்பீடு

எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்கும்போதும், செல்ஃப் நன்றாகச் சுற்றியும் வண்டி கிளம்பாதபோதும், ஆட்டோ எலக்ட்ரீஷியன் முதலில் பார்ப்பது, பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்ட் வருகிறதா என்பதைத்தான். அதைப் பார்க்க நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் பரவலாகக் கையாளப்படும் முறைகள் இரண்டு. பிளக் வயரைப் பிடுங்கி, அதன் முனையைக் கையாலோ கட்டிங் பிளேயராலோ எஞ்சின் பிளாக்குக்கு அருகில் பிடித்துக்கொண்டு, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்வது ஒன்று. பிளக்கையே கழற்றி, அதை வயரில் மாட்டி, சிலிண்டர் ஹெட்டின் மேல் படுக்க வைத்துப் பொறி பார்ப்பது மற்றொன்று. இந்த இரண்டு பழக்கங்களையும் தேவையற்றதாக்கும் சிறிய கருவிதான் ஸ்பார்க் டெஸ்டர். சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் உதிரிபாகக் கடைகளில் இது சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. இடைவெளியைத் திருகி மாற்றக்கூடிய வகை ஒன்றையும், வயருக்கும் பிளக்குக்கும் நடுவில் மாட்டும் விளக்கு வகை ஒன்றையும் வாங்கி, கார்புரேட்டர் உள்ள ஒரு பழைய மாருதி 800 காரிலும், பிளக்கின் தலையிலேயே காயில் (பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் சுருள்) உட்காரும் நான்கு சிலிண்டர் கார் ஒன்றிலும் நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன்.

பொறி வருகிறதா என்று மட்டும் தெரிந்துகொள்வதற்குப் பழைய முறையே போதும். ஆனால் பார்ப்பவரின் கையை உயர் மின்னழுத்தத்தின் பாதையிலிருந்தும், பொறியைப் பெட்ரோல் ஆவி வெளியேறும் இடத்திலிருந்தும் ஒருசேர விலக்கி வைக்க அந்த முறைகளால் முடியாது. ஆகவே இந்தக் கருவிகளை எவ்வளவு நுட்பமாகக் கோளாறைக் காட்டுகின்றன என்பதைவிட, இந்த இரண்டு விலகல்களையும் எவ்வளவு நம்பகமாகத் தருகின்றன என்பதைக் கொண்டே எடைபோட்டிருக்கிறேன்.

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட்தான் என்பதால் காரில் ஷாக் அடிக்காது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. ஹெட்லைட், ஹாரன், வைப்பர் ஆகியவற்றைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. இக்னிஷன் காயிலைப் பொறுத்தவரை அது முற்றிலும் தவறு. காயிலின் முதன்மைச் சுற்றில் சில ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்து, அதன் ஆற்றல் காந்தப்புலமாகச் சேமிக்கப்படுகிறது. பாயிண்ட் (பழைய வண்டிகளில் மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனை) திறந்தோ, மின்னணு இக்னைட்டர் துண்டித்தோ அந்த மின்னோட்டம் சட்டென்று நிற்கும் நொடியில், இரண்டாம் சுற்றில் சுமார் 15,000 முதல் 40,000 வோல்ட் வரை எழுகிறது. இதில் பலரும் கவனிக்காத செய்தி, அதே நொடியில் முதன்மைச் சுற்றிலும் 200 முதல் 400 வோல்ட் வரை எதிரழுத்தம் எழுகிறது என்பது. தடித்த பிளக் வயரைத் தொடக்கூடாது என்று தெரிந்தவர்கள்கூட, காயிலுக்குப் போகும் மெல்லிய வயரின் தோலுரிந்த முனையை அலட்சியமாகப் பிடித்து உதறிக்கொள்வதற்குக் காரணம் இதுதான். பாயிண்ட் வைத்த அமைப்பில், பாயிண்ட் மூடிய நிலையில் எஞ்சின் நின்றிருந்தால், சாவியை அணைப்பதே மின்னோட்டத்தைத் துண்டித்து ஒரு பொறியை உண்டாக்கும். எஞ்சின் சுற்றவில்லை என்பதால் இக்னிஷன் உறங்குகிறது என்று நினைப்பது ஆபத்து; சாவி அணைந்து, பின்பு ஒரு கணம் கடந்திருந்தால்தான் கை வைக்கலாம்.

ஒரு பொறியில் அடங்கிய ஆற்றல் பொதுவாகச் சில பத்து மில்லிஜூல் அளவில் இருக்கும் என்பதால், நல்ல உடல்நலம் உள்ளவரை அது கொன்றுவிடுவது அரிது. ஆனால் அந்தப் பொறி தனியாக வருவதில்லை. மூன்று சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐட்லிங்கில் நிற்கும்போதே நொடிக்கு 20 பொறிகள் வருகின்றன. நான்கு சிலிண்டர் எஞ்சின் 3,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 100. மேலும், இந்த வேலையில் நேரும் காயங்களில் பல மின்சாரத்தால் நேராக வருவதில்லை, அது அடித்தவுடன் கை துள்ளிப் பின்வாங்குவதால் வருகின்றன. துள்ளும் கை சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேன் பெல்ட்டிலோ, கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலோ போய் விழலாம். தலை பானெட்டின் கொக்கியில் இடிக்கலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களின் நிலை வேறு. ஓடும் எஞ்சினின் இக்னிஷன் பாகங்களுக்கு அருகில் அவர்கள் குனியவே கூடாது. குறைந்தது ஓரடித் தூரமாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. இந்த மதிப்பீட்டில் நான் எந்தக் கருவியைப் பரிந்துரைத்தாலும் அது அவர்களுக்குப் பொருந்தாது. வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுவதே அவர்களுக்குப் பாதுகாப்பு.

இனி முதல் கருவி. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய்க்குள் இரண்டு கூர்முனைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. ஒரு பக்கத்தில் பிளக்கின் தலையைப் போன்ற குமிழ். அதில் பிளக் கேப் அப்படியே பொருந்துகிறது. மறுபக்கத்தில் திருகு, அதைச் சுற்றினால் முனைகளின் இடைவெளி கூடுகிறது, குறைகிறது. திருகுப் பக்கத்து முனையிலிருந்து ஒரு குட்டை வயரும், அதன் நுனியில் எர்த் கொடுக்க ஒரு முதலைவாய்க் கிளிப்பும் வருகின்றன. பயன்படுத்தும் முறை எளிது. சாவியை அணைத்துவிட்டு, ஒரு பிளக் வயரை மட்டும் கழற்றி அதை டெஸ்டரில் மாட்டி, கிளிப்பை எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியில் கவ்வ வைத்து, கையை எடுத்துவிட்டு, உதவிக்கு இருப்பவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். குழாய்க்குள் நீலங்கலந்த வெள்ளைப் பொறி படபடவென்று பாய்ந்தால் காயில் முதல் அந்த வயர் வரை நன்றாக இருக்கிறது. மஞ்சளாகவோ சிவப்பாகவோ மெலிந்து தெரிந்தால், அல்லது விட்டுவிட்டு வந்தால், கோளாறு பிளக்குக்கு முன்னாலேயே இருக்கிறது.

திருகில் கிலோவோல்ட் என்று குறித்துக் கோடுகள் போட்டிருக்கிறார்கள். அவற்றை அளவீடாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சாதாரணக் காற்றழுத்தத்தில், தட்டையான இரண்டு பரப்புகளுக்கு இடையே பொறி பாய மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் தேவைப்படும். கூர்முனைகளுக்கு இடையே அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே போதும். முனை தேய்ந்து மழுங்கும்போது அதே இடைவெளிக்குத் தேவையான அழுத்தம் மாறிவிடுகிறது. காற்றின் ஈரமும் அதை மாற்றும். எனவே அந்தக் கோடுகள் ஒரு சிலிண்டரை இன்னொன்றுடன் ஒப்பிடுவதற்கு மட்டுமே உதவும். அதற்கு அவை மிக நன்றாகவே உதவுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று வயர்களில் இரண்டு ஒரே இடைவெளியில் திடமாகப் பொறி தந்து, மூன்றாவது தரத் தவறினால், எந்த வயரை மாற்ற வேண்டும் என்பதில் சந்தேகம் இருக்காது.

இந்த இடைவெளிக்கு இன்னொரு நியாயமும் உண்டு. கழற்றிய பிளக்கின் 0.8 மில்லிமீட்டர் இடைவெளியில் திறந்த காற்றில் பொறி பாய்வது மிகச் சுலபம். பாதி செத்த காயில்கூட அதைச் செய்துவிடும். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் அழுத்தப்பட்ட நிலையில் அதே இடைவெளியைத் தாண்டப் பல மடங்கு மின்னழுத்தம் வேண்டும். ஹெட்டின் மேல் பிளக்கை வைத்துப் பொறி பார்க்கும் பழைய முறை, ஆபத்தானது என்பதோடு, ‘கரண்ட் நன்றாக வருகிறது’ என்ற தவறான முடிவுக்கும் நம்மைக் கொண்டுபோய் விடுகிறது. டெஸ்டரின் அகன்ற இடைவெளி, திறந்த வெளியிலேயே அந்தக் கடினமான நிலைமையை ஓரளவுக்கு உண்டாக்கிக் காட்டுகிறது.

குறையையும் சொல்ல வேண்டும். இந்தக் கருவியின் மிகப் பலவீனமான இடம் கிளிப். நான் வாங்கியதில் கிளிப்பின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. அதற்குள் வயரைச் சால்டர் வைக்காமல், வெறுமனே நெரித்துச் சொருகியிருந்தார்கள். எஞ்சின் செல்ஃபில் குலுங்கும்போது அது நழுவியது. கிளிப் நழுவுவது சிறிய அசௌகரியம் அல்ல. உயர் மின்னழுத்தத்துக்குப் பூமிக்குப் போகும் பாதை கிடைத்தே ஆக வேண்டும்; கிளிப் தரும் பாதை அறுந்தால், அருகில் இருக்கும் வேறு எதன் வழியாகவாவது அது பாயும். அந்த வேறு எதுவாகவோ டெஸ்டரைப் பிடித்திருப்பவரின் கை இருக்கலாம். யாரும் தொடாமல் இருந்தால், காயிலின் உள் மின்காப்பைத் துளைத்துக்கொண்டோ, இக்னைட்டரைச் சிதைத்தோ அது வழி தேடும். சில நூறு ரூபாய்க் கருவியின் தளர்ந்த கிளிப், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள காயிலைக் கெடுத்துவிடும். நான் அந்தக் கிளிப்பைக் கழற்றி, பேட்டரி சார்ஜரில் வரும் வகையிலான திடமான கிளிப் ஒன்றைச் சால்டர் வைத்து மாற்றினேன். அதன் பிறகு நழுவவில்லை. பெயின்ட் அடித்த பாடியிலோ, பிளாஸ்டிக் மூடியின் போல்ட்டிலோ, பேட்டரியின் டெர்மினலிலோ கிளிப்பைக் கவ்வ விடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். சார்ஜ் ஆகும்போது ஈய அமில பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கக்கூடியது. அதன் அருகில் பொறி எழுப்பும் எந்தப் பொருளும் இருக்கக் கூடாது.

இரண்டாவது கருவி, விளக்கு வகை. பிளக் வயரைக் கழற்றி, இதன் ஒரு முனையை வயரிலும் மறுமுனையை பிளக்கிலும் மாட்டினால், எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு பொறிக்கும் இதன் நடுவில் உள்ள சிறு விளக்கு மினுக்குகிறது. பொறி பிளக்குக்கே போய்ச் சேர்வதால், திறந்த வெளியில் எதுவும் பாய்வதில்லை. எர்த் கிளிப்பும் தேவையில்லை. கை விலக்கத்தைப் பொறுத்தவரை இது முதல் கருவியைவிட ஒரு படி மேல் என்றே சொல்வேன், ஏனென்றால் நழுவ எதுவும் இல்லை. ஆனால் இது சொல்லும் செய்தி குறைவு. விளக்கு எரிகிறதென்றால் ஏதோ மின்னோட்டம் போகிறது என்று பொருள், அவ்வளவுதான். கரி படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிவிட்ட பிளக்கிலும் விளக்கு எரியும். பகல் வெளிச்சத்தில் மினுக்கல் சரியாகத் தெரிவதில்லை. நிழலில் வண்டியை நிறுத்த வேண்டியிருக்கிறது. இதன் ரப்பர் மூடி மெல்லியது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் சில நிமிடங்களிலேயே இளகுகிறது. இளகிய ரப்பருக்கு மின்காப்பு என்று எதுவும் மிஞ்சாது. எஞ்சினை ஓடவிட்டு மாட்டவோ கழற்றவோ கூடாது என்று அதன் அட்டையில் எழுதியிருக்கிறது; சிறிய எழுத்தில், கடைசி வரியில். முதல் வரியில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டிய செய்தி அது.

இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டிய முக்கியமான காரணத்துக்கு இப்போது வருகிறேன். இக்னிஷன் வேலையில் ஷாக்கைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு நாம் தீயைப் பற்றிப் பேசுவதில்லை. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தீப்பிடிக்கும் ஆவியை வெளியிடத் தொடங்கும் திரவம். காற்றில் அதன் ஆவி ஏறக்குறைய 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் பற்றிக்கொள்ளும். அதைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலில் கால் பங்கு அளவு ஆற்றலே போதுமானது. இக்னிஷன் பொறியில் இருப்பது அதைப்போல நூறு மடங்கும் அதற்கு மேலும். பெட்ரோலைப் பற்றவைப்பதற்கென்றே வடிவமைத்த பொறியைத்தான் நாம் பானெட்டுக்கு அடியில் திறந்த வெளியில் உண்டாக்குகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

பிளக்கைக் கழற்றி ஹெட்டின் மேல் வைத்துச் செல்ஃப் அடிக்கும்போது நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். பிளக் இருந்த துளை திறந்து கிடக்கிறது. பிஸ்டன் மேலே வரும்போதெல்லாம், சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை அந்தத் துளை வழியாகப் பீய்ச்சி அடிக்கிறது. கிளம்பாத வண்டி என்பதால் அந்தக் கலவை எரியாமல் இருக்கிறது. வழக்கத்தைவிடப் பெட்ரோல் மிகுந்தும் இருக்கிறது. அதற்கு ஒரு சாண் தூரத்தில், ஹெட்டின் மேல், பொறி பாய்ந்துகொண்டிருக்கிறது. கலவையின் விகிதம் சரியாக அமைந்தால் துளையிலிருந்து தீநாக்கு எழும். மேலே குனிந்து பொறி பார்ப்பவரின் முகம் அங்கேதான் இருக்கும். கார்புரேட்டர் ஓவர்ஃபுளோ ஆகி வழிந்திருந்தாலோ, பழைய ரப்பர் ஹோஸ் கசிந்திருந்தாலோ, தீ அத்தோடு நிற்காது.

டெஸ்டர் இந்த ஆபத்தை நீக்குவது, அது எந்தப் பிளக்கையும் கழற்ற வைப்பதில்லை என்பதால்தான். எல்லாத் துளைகளும் மூடியே இருக்கின்றன. வயர் மட்டும் கழன்று வருகிறது. கலவை எக்ஸாஸ்ட் வழியாகத்தான் போக முடியும். கூடவே, பிளக் வயரின் நீளம் இடம் தரும் வரை டெஸ்டரைக் கார்புரேட்டருக்கும் பெட்ரோல் ஹோஸுக்கும் எதிர்ப்பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். திறந்த கூர்முனைகள் கொண்ட மலிவான டெஸ்டர்களும் கடைகளில் இருக்கின்றன. அவற்றை நான் வாங்கவில்லை, வாங்கச் சொல்லவும் மாட்டேன். குழாய்க்குள் அடைபட்ட முனைகள் கொண்டவைகூட முற்றிலும் காற்றுப்புகாதவை அல்ல. ஆவி உள்ளே போகும். ஆகவே பெட்ரோல் வாடை அடிக்கும் வண்டியில் எந்த டெஸ்டரையும் மாட்டக் கூடாது. முதலில் கசிவை நிறுத்தி, சிந்தியதைத் துடைத்து, பானெட்டைத் திறந்து வைத்து வாடை போகும் வரை காத்திருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால், மூடிய ஷெட்டிலோ, வண்டிக்கு அடியில் தோண்டிய குழியிலோ அது தங்கிவிடும். திறந்த வெளியில் செய்வதே நல்லது. வாடை முழுவதும் போன பின்பும், கை எட்டும் தூரத்தில் உலர் தூள் தீயணைப்பான் ஒன்று இல்லாமல் இந்த வேலையை நான் தொடங்குவதில்லை.

கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டரால் பெட்ரோல் பாய்ச்சும் எஞ்சின்களில் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. செல்ஃப் அடிக்கும் முன் ஃபியூல் பம்ப்பின் ரிலேயையோ ஃபியூஸையோ எடுத்துவிட வேண்டும்; அது இயலாவிட்டால் இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால், பொறி கிடைக்காத சிலிண்டருக்குள் பாயும் பெட்ரோல் எரியாமல் அப்படியே, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய்ச் சேர்ந்து, எஞ்சின் சூடாக இருந்தால் அங்கே எரிந்து, அதை உருகும் அளவுக்குச் சூடாக்கும். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் 1995 ஏப்ரல் முதலே புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமாக இருந்ததால், பழைய கார்தானே என்று எளிதாக ஒதுக்கிவிடவும் முடியாது. விளக்கு வகை டெஸ்டரை மாட்டி எஞ்சினை ஓடவிடும்போது எல்லாச் சிலிண்டர்களும் எரிவதால் இந்தப் பிரச்சினை இல்லை. திருகு வகையை மாட்டி எஞ்சினை ஓடவிடுவதுதான் கன்வெர்ட்டருக்குக் கேடு. எனவே திருகு வகையைச் செல்ஃப் அடிப்பதற்கு மட்டும், அதுவும் சில நொடிகளுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும்.

சி.என்.ஜி., எல்.பி.ஜி. கிட் பொருத்திய வண்டிகளில் முதலில் எரிவாயு சிலிண்டரின் கைவால்வை மூட வேண்டும். சி.என்.ஜி. காற்றைவிட இலேசானது, மூடிய பானெட்டின் உச்சியில் தேங்கும், எல்.பி.ஜி. கனமானது, தரையில் பரவும். இரண்டுக்கும் காற்றோட்டம் தேவைப்படும் இடம் வேறு வேறு. எரிவாயுவைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிடக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுவதால், இந்த வண்டிகளில் வயர்களும் காயிலும் சீக்கிரம் தளர்ந்து மின்கசிவு கொடுக்கின்றன. இத்தகைய வண்டிகளுக்கு டெஸ்டர் அடிக்கடி தேவைப்படும் என்பது என் அனுபவம்.

பிளக்கின் மேலேயே காயில் உட்காரும் கார்களில் திருகு வகையின் குமிழ், காயிலின் நீண்ட ரப்பர் குழலுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை எட்டவில்லை. அதற்கென்று ஒரு நீட்டிப்புக் கம்பி தனியாக விற்கிறார்கள்; நான் வாங்கியதோடு அது வரவில்லை. நீட்டிப்பு இல்லாமல் காயிலைக் கையில் பிடித்துக்கொண்டு டெஸ்டரோடு ஒட்டவைத்துப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். எந்தக் கை விலக்கத்துக்காக இந்தக் கருவி செய்யப்பட்டதோ, அதையே அந்தச் செயல் ஒழித்துவிடுகிறது. காயிலைத் துணிக்கயிறாலோ பிளாஸ்டிக் கட்டுநாடாவாலோ நிலையாகக் கட்டி வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். இரண்டு பிளக்குகளுக்கு ஒரே காயில் பொறி கொடுக்கும் அமைப்பாக இருந்தால், ஒரு வயரில் டெஸ்டர் இருக்கும்போது மற்ற வயர் அதன் பிளக்கிலேயே மாட்டியிருக்க வேண்டும். இரண்டு முனைகளில் ஒன்று திறந்து தொங்கினாலும் சுற்று முழுமையடையாமல், அழுத்தம் ஏறிக்கொண்டே போகும்.

தவறான நம்பிக்கை தரும் பொருள்களைப் பற்றியும் எழுதியாக வேண்டும், ஏனென்றால் இதே கடைகளில் டெஸ்டருக்குப் பக்கத்து அலமாரியில் அவையும் தொங்குகின்றன. சிவப்பு மஞ்சள் கைப்பிடியில் 1,000 வோல்ட் என்று அச்சிட்ட ஸ்க்ரூ டிரைவரும் கட்டிங் பிளேயரும் வீட்டு மின்சார வேலைக்கு மிக நல்லவை. இக்னிஷனின் அழுத்தம் அதைப்போல 15 முதல் 40 மடங்கு. அந்த அச்சை நம்பி ஓடும் எஞ்சினில் பிளக் வயரைப் பிளேயரால் பிடுங்குவது, மழைக்குக் கையை மட்டும் குடையாகப் பிடிப்பதற்குச் சமம். ரப்பர் கையுறையிலும் இதே கணக்குதான். மின் வேலைக்கான கையுறைகள் தரவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. வகை 0 என்பது 1,000 வோல்ட் வரை, வகை 4 என்பது 36,000 வோல்ட் வரை. வகை 4 கையுறை தடித்தது; அதை அணிந்துகொண்டு சிறிய கிளிப்பையோ கனெக்டரையோ கையாள முடியாது. பாத்திரம் கழுவும் கையுறைக்கு எந்த மின் தரமும் கிடையாது. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டால் போதும் என்பதும் சரியல்ல: ஒரு கை வயரிலும் மறு கை ஃபெண்டரிலும் இருந்தால், மின்னோட்டம் நெஞ்சின் வழியே கைக்குக் கை பாயும், செருப்பு அந்தப் பாதையிலேயே இல்லை. மல்டிமீட்டரும் அப்படித்தான். அதன் மேல் எழுதியிருக்கும் 600 அல்லது 1,000 வோல்ட் என்பதே அதன் எல்லை. சாவியை அணைத்து, கனெக்டரைக் கழற்றிய பின் காயிலின் மின்தடையை அளக்க அது உதவும். ஓடும் எஞ்சினில் பிளக் வயரை அதைக் கொண்டு தொட்டால் மீட்டரும் போகும், பிடித்திருக்கும் கையும் காயப்படும்.

கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும், செல்ஃப் அடிப்பவருக்கும் பானெட்டுக்குள் குனிந்திருப்பவருக்கும் இடையே பேச்சு தெளிவாக இல்லையென்றால் பயனில்லை. நான் வைத்திருக்கும் வழக்கம், டெஸ்டரை மாட்டும்போதும் கழற்றும்போதும் சாவி என் சட்டைப் பையில் இருக்க வேண்டும் என்பது. மாட்டி முடித்து, விலகி நின்ற பிறகே அதை உதவியாளரிடம் கொடுக்கிறேன். கியர் நியூட்ரலில் இருப்பதையும் ஹேண்ட் பிரேக் இழுத்திருப்பதையும் நானே பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். கியரில் இருக்கும் வண்டியில் செல்ஃப் அடித்தால், எஞ்சின் கிளம்பாவிட்டாலும் வண்டி ஒரு முழம் முன்னே பாயும், முன்னால் நிற்பவருக்குப் பின்னே சுவர் இருக்கும். ரேடியேட்டர் ஃபேன் மின்மோட்டாரில் ஓடும் கார்களில், சில மாடல்களில் சாவியை அணைத்த பிறகும் சூட்டைப் பொறுத்து அது தானாகச் சுற்றத் தொடங்கும். டெஸ்டரின் வயர் அதன் இறக்கைகளுக்கு எட்டாதபடி ஒதுக்கி வைக்க வேண்டும். மோதிரம், உலோகப் பட்டை கொண்ட கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். தொங்கும் சட்டைக் கை, தோளில் போட்ட துண்டு, மடித்துக் கட்டாத வேட்டி ஆகியவையும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் ஆகாது. காயிலையோ, அதன் மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரையோ கழற்றி மாற்றும் வேலையாக இருந்தால், பேட்டரியின் நெகடிவ் டெர்மினலை முதலில் கழற்ற வேண்டும். பாசிடிவ்வை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பெரிய ஷார்ட் ஆகும்.

சென்னையில் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் இந்தக் கருவியின் அருமை தெரிகிறது. ஈரம் ஏறிய டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் உட்புறத்தில் மயிரிழை போன்ற கரிக்கோடு விழுந்து, பொறி பிளக்குக்குப் போகாமல் அதன் வழியே பாடிக்குப் போய்விடும். திருகு வகையில் இடைவெளியைக் குறுக்கினால் பொறி வரும், அகற்றினால் நின்றுவிடும். காயில் செத்திருந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கும் என்பதால், அதோடு முடிவுக்கு வந்து காயிலை மாற்றிவிடக் கூடாது. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் நடு வயரில் டெஸ்டரை மாட்டிப் பார்த்து, அங்கே அகன்ற இடைவெளியிலும் பொறி திடமாக இருந்தால், குற்றம் கேப்பிலோ அதற்குள் சுழலும் ரோட்டரிலோதான். ஸ்பிரேயரில் தண்ணீர் தெளித்து, இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு நீலக் கீற்றுகளைத் தேடும் பழைய முறை, ஈரக் கையையும் ஓடும் எஞ்சினையும் ஒன்றாகக் கொண்டுவருவதால், அதை நான் முழுவதுமாகத் தவிர்க்கிறேன்.

திருகு வகையோடு வந்த விளக்கத்தாளில் படங்கள் மட்டுமே இருந்தன. ஃபியூல் பம்ப்பை நிறுத்துவது பற்றியோ, பெட்ரோல் வாடையைப் பற்றியோ, பேஸ்மேக்கர் பற்றியோ ஒரு சொல்கூட இல்லை. இப்படி ஒரு கருவியைத் தமிழ்நாட்டுச் சந்தையில் விற்பவர்கள், தமிழில் அரைப்பக்கம் எழுதிச் சேர்ப்பது கடினமான காரியம் அல்ல. பட்டறையில் புதிதாக வேலை பழகும் பதினெட்டு வயதுப் பையனின் கைக்குத்தான் இது போய்ச் சேரப் போகிறது. அவனுக்குப் படம் மட்டும் போதாது.

சொந்தமாக வேலை செய்பவர்கள் ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் திருகு வகையை வாங்கலாம். அது உண்மையைக் கூடுதலாகச் சொல்கிறது. கிளிப்பை மாற்றிக்கொண்டால் நம்பகமாகவும் இருக்கிறது. ஓடும்போது மட்டும் மிஸ்ஸிங் அடிக்கும் வண்டிக்கு விளக்கு வகையும் உடனிருப்பது நல்லது. புதிய காயில் வகைக் கார் வைத்திருப்பவர்கள் நீட்டிப்புக் கம்பியோடு சேர்த்து வாங்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் மிஸ்ஃபயர் (பற்றாமல் தவறுவது) எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்வதே அவர்களுக்குப் போதுமானது. கடையில் உறையைப் பிரித்து, குழாயில் விரிசல் இல்லை, கூர்முனைகள் நேர்கோட்டில் இருக்கின்றன, கிளிப் விரலை உறுத்தும் அளவுக்கு இறுகக் கவ்வுகிறது, வயரை இலேசாக இழுத்தால் கிளிப்பிலிருந்து கழன்று வரவில்லை என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும். வாங்கிய பிறகும் ஒவ்வொரு முறை மாட்டும் முன் அந்தக் குழாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, உள்ளே கரி படிந்திருந்தால் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். விரிசல் கண்டால் ஒட்டுப் போடாமல் வேறொன்று வாங்க வேண்டும்.